சொந்தமா செஞ்ச தேக்கு டைனிங் டேபிள்: சில வருஷம் புழங்கின பிறகு, முக்கியமா அந்த முனைப் பட்டையைப் பத்தி

வீட்டு ஒர்க்‌ஷாப்ல நான் செஞ்ச டைனிங் டேபிளோட போட்டோவைப் பார்த்துட்டு நண்பன் ஒருத்தன், அதே மாதிரி தனக்கும் ஒண்ணு செய்யணும், அளவு அனுப்பு, ரெண்டு முனையிலயும் குறுக்க ஒரு பட்டை வெச்சிருக்கியே அதை எப்படி மாட்டினேன்னும் சொல்லுன்னு கேட்டான். அளவை உடனே அனுப்பிட்டேன். பட்டையைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நீண்டுக்கிட்டே போகுது, இதே கேள்வி வேற யாருக்கும் இருக்கும்னு இங்கயே போட்டுடறேன்.

டேபிள் 180க்கு 90 சென்டிமீட்டர், உயரம் 75, மேல்பலகை கனம் 32 மில்லிமீட்டர், நாலு கால், நாலு பக்கமும் அடிச்சட்டம், துளை போட்டு நாக்கு இறக்கின ஜாயின்ட். ஃபினிஷிங் ஆயில். ஆளுக்கு 60 சென்டிமீட்டர் இடம் வேணும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான், அதனால ஆறு பேர் தாராளமா உட்காரலாம். மேல்பலகை மட்டுமே 34 கிலோ பக்கம் வரும், தனியா தூக்கிப் புரட்டலாம்னு நெனைக்காதீங்க.

இப்ப பட்டை. பிரெட்போர்டு எண்டுன்னு சொல்றது இதைத்தான். மேல்பலகை நீளவாக்குல போற பல பலகைகளை பசை போட்டு ஒட்டினது, அதோட ரெண்டு முனையிலயும் ரேகை குறுக்க ஓடற மாதிரி 10 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு பட்டை. வெட்டுமுகம், அதாவது பலகையோட முனையில குறுக்க அறுத்த முகம், வெளிய தெரியாது, ஃபிரேம் போட்ட மாதிரி நிறைவா இருக்கும், செஞ்சு முடிச்ச அன்னிக்குப் பார்த்தா கண்ணை எடுக்க முடியாது. பிரச்சனை அந்த "முடிச்ச அன்னிக்கு"லதான் இருக்கு.

மரம் நீளத்துல அசையாது, அகலத்துலதான் அசையும். பச்சை மரம் முழுக்கக் காயறப்ப நீளத்துல மொத்தமே 0.1, 0.2 சதவீதம்தான் சுருங்கும், அதே தேக்கு அகலத்துல, மரத்தோட ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த பலகைன்னா, 6 சதவீதம் பக்கம் சுருங்கும். காய்ஞ்சதோட இது நின்னுடறதும் இல்ல, காத்துல ஈரம் ஏறினா மரம் குடிக்கும், இறங்கினா விடும். ரூம்ல ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் 9 சதவீதத்துல வந்து நிக்கும், 70 ஆச்சுன்னா 13க்குப் போயிடும். அந்த 4 சதவீத வித்தியாசத்துக்கு 90 சென்டிமீட்டர் அகலத் தேக்கு மேல்பலகை கிட்டத்தட்ட 6.7 மில்லிமீட்டர் விரியும். பட்டையோட ரேகை குறுக்க ஓடறதால அது அதே 90ல அசையாம நிக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல படி விழுது. வெள்ளை ஓக்ல செஞ்சா இதுவே ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

இது எனக்கு முன்னாடியே தெரியும், அதுக்கு என்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சேன். பட்டைக்கு பசை நடுவுல மட்டும்தான், ரெண்டு ஓரத்துலயும், பலகை முனையில இருந்து பட்டைக்குள்ள போற நாக்குல நீளத் துளை போட்டு மர ஆணி இறக்கினேன், பலகை ஊதினாலும் சுருங்கினாலும் ஆணி அந்தத் துளைக்குள்ள நகர இடம் இருக்கு. அது சரியாவே வேலை செய்யுது. ஒரு இடத்துலகூட வெடிப்பு இல்ல, ஒட்டு விட்டுப் போகல. முறைப்படி செஞ்ச பட்டையே இதுதான்னு யார் வந்து பார்த்தாலும் சொல்லலாம்.

ஆனா மூலையில கை வெச்சா இருக்கு பாருங்க. மழைக்காலத்துல மேல்பலகை பட்டையைத் தாண்டி வெளிய நீட்டிக்கும். நீளப் பக்கமா விரலை ஓட்டிக்கிட்டே வாங்க, வழவழன்னு வந்து முனைகிட்ட டக்குனு ஒரு பள்ளம். வெயில் காலத்துல நேர் எதிர், பலகை உள்ள போயிடும், பட்டையோட மூலை வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், துடைக்கிற துணி அதுல மாட்டி நூல் வந்துடுது, நடந்து போற ஆள் இடுப்புல இடிக்குது. நடுவுல வசந்தத்துல ஒண்ணு, மழை விட்ட பிறகு ஒண்ணுன்னு கொஞ்ச நாள் ரெண்டும் சரிமட்டமா இருக்கும், அப்ப டேபிளைப் பார்த்தா சந்தோஷமா இருக்கும், அடுத்து மறுபடி நகர ஆரம்பிச்சுடும். வருஷத்துல பாதிக்கு மேல என் கை அந்தப் படியிலதான் போய் நிக்குது.

எனக்கு எரிச்சல் எங்கன்னா, இதை யாரும் நேரா சொல்றதில்ல. எந்த வீடியோவை எடுத்தாலும் நடுவுல மட்டும் பசை, ஓரத்துல நீளத் துளை, அப்படி செஞ்சா மரம் அசைய இடம் கிடைக்கும், வெடிக்காதுன்னு முடிச்சுடறாங்க. வெடிக்காது, உண்மை. ஆனா மரம் அசைய இடம் குடுத்தா மரம் அசையும், அசைஞ்சா ஓரம் ஓரத்தோட சேராதுன்னு அடுத்த வரி ஒண்ணு இருக்கே, அது காணாம போயிடுது. காட்டற போட்டோ எல்லாம் செஞ்சு முடிச்ச சூட்டோட எடுத்தது. ஒரு மழைக்காலம், ஒரு வெயில் காலம் தாண்டி அதே மூலையைப் பக்கத்துல காட்டுங்கன்னா ஒருத்தர்கிட்டயும் படம் இல்ல. சரியா செஞ்சவனுக்கும் இதே கதிதான்னு தெரிஞ்சிருந்தா வேணுமா வேணாமான்னு யோசிச்சிருக்கலாம்ல.

இழைச்சு சரிமட்டம் பண்ணிடுங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. எந்த மாசத்துல இழைக்கறது? மழைக்காலத்துல நீட்டிக்கிட்டு இருக்கற பலகையை இழைச்சுட்டா வெயில் காலத்துல அது இன்னும் உள்ள போய் பட்டை இன்னும் அதிகமா துருத்தும். வெயில்ல பட்டையை இழைச்சா மழைக்கு பலகை இன்னும் வெளிய. எப்ப கை வெச்சாலும் எதிர் சீசன்ல ரெண்டு மடங்கா திரும்ப வரும். அதனால நான் உப்புத்தாளைக்கூட அங்க கொண்டு போறதில்ல.

இதுக்கு உருப்படியான பதில் கண்டுபிடிச்சவங்கன்னு நான் மதிக்கறது அமெரிக்காவுல கிரீன் சகோதரர்களை, சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன். பாசடீனாவுல 1908ல கேம்பிள் ஹவுஸ்ங்கற வீட்டை வடிவமைச்ச கட்டடக் கலைஞர்கள். அவங்க பாணி மேஜைல பட்டையை வேணும்னே பலகையை விடக் கொஞ்சம் நீளமா விட்டு, மூலையை உருட்டி, கருங்காலித் துண்டு பதிச்சுடுவாங்க. ஏற்கனவே நீட்டிக்கிட்டு இருக்கறது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய நீட்டினா யாருக்குத் தெரியப் போகுது. படியை மறைக்கப் பார்க்காம அதையே டிசைனா ஆக்கிட்டாங்க. பட்டை வெச்சே ஆகணும்னு அடம் பிடிக்கறவங்க அந்த வழியில போங்க, சரிமட்டமா வெச்சு நிம்மதியா இருக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

நியாயத்துக்குச் சொல்லணும்னா பட்டையால ஒரு பிரயோஜனம் இருக்கு. வெட்டுமுகம்தான் ஈரத்தை ரொம்ப வேகமா உறிஞ்சும், வேகமா விடும், முனையில கீறல் விழறது அதனாலதான். பட்டை அதை மூடிடுது. பலகையை வளையாம பிடிச்சு வெக்குதுன்னும் சொல்றாங்க, அதுல எனக்கு நம்பிக்கை கம்மி. 32 மில்லிமீட்டர் பலகை, நல்லா காய்ஞ்ச மரம், மேல எத்தனை கோட்டிங்கோ அடியிலயும் அத்தனை, அப்புறம் அடிச்சட்டத்துல காடி போட்டு எல் வடிவத்துல வெட்டின சின்னக் கட்டைகளால பிடிச்சிருக்கேன், அது பலகையைக் கீழ இழுத்துப் பிடிக்கும், அகலத்துல நகரவும் விடும். வளையாம இருக்கறதுக்கு இதுவே போதும்னு என் அபிப்ராயம்.

சரி, மத்ததுக்கு வரேன், ஏன்னா மத்தது எல்லாம் நெஜமாவே அருமை.

முதல்ல நிறம். தேக்கை இழைச்ச உடனே பார்த்தா மனசு ஒடிஞ்சுடும், ஒரு பலகை பச்சை கலந்த பழுப்பு, பக்கத்துப் பலகைல கறுப்பா திட்டுத் திட்டா கோடு, ஒரே மரத்துல அறுத்ததான்னே சந்தேகம் வரும். வெளிச்சம் பட்டா போதும், கொஞ்ச நாள்ல அந்தத் திட்டெல்லாம் அடங்கி மொத்தமும் ஒரே பொன் பழுப்புக்கு வந்துடும், ஸ்டெயின் எதுவும் தேவையில்ல. வைரம் பாஞ்ச பகுதிக்குத்தான் இது, ஓரத்துல இருக்கற வெளிர் மரம் வெளிராவேதான் நிக்கும், அதைப் பலகை பொறுக்கறப்பவே கழிச்சுடணும். இன்னொண்ணு, முதல் சில மாசம் மேல விரிப்பு கிரிப்பு எதுவும் நிரந்தரமா போட்டு வெக்காதீங்க, மூடின இடம் மட்டும் பழைய நிறத்துலயே தங்கிடும். இப்பவும் காலைல வெளிச்சம் சாய்வா விழறப்ப அந்த ரேகையை நின்னு பார்ப்பேன், கடைல வாங்கின எந்தச் சாமானையும் நான் அப்படிப் பார்த்ததில்ல.

ரெண்டாவது ரிப்பேர். போன வாரம்கூட ஒண்ணு பண்ணேன். சூடான பாத்திரத்தை நேரா வெச்சதுல வெள்ளையா ஒரு வட்டம். பாலியூரித்தேன் மாதிரி மேல படலமா நிக்கற ஃபினிஷ்னா ஒரு இடத்துல மட்டும் தேச்சா ஒட்டுப் போட்டது தெரியும், பெரும்பாலும் மொத்தப் பலகையையும் தேச்சு மறுபடி அடிக்கணும். ஆயில் போட்ட பலகைல அந்த இடத்துல மட்டும் 220 நம்பர் உப்புத்தாள் போட்டு ரேகையோட போக்குல லேசா தேச்சு, துணில கொஞ்சம் ஆயில் தொட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சு, மிச்சத்தைச் சுத்தமா துடைச்சு எடுத்தேன். அடுத்த நாள் எங்க இருந்துச்சுன்னு நானே தேடினேன். கறை படறது ஆயில்ல சீக்கிரம், அதை மறுக்கல, ஆனா கறையைப் பத்தின பயம் போயிடுது, வீட்டுல யாரையும் அதட்ட வேண்டியதில்ல. ஆனா ஒரு விஷயம், லின்சீடு (ஆளிவிதை), டங் மாதிரி ஆயில் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகறப்ப சூட்டைக் கிளப்பும், ஆயில் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பைல போட்டா தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணில முக்கி வைங்க. வீட்டுக்குள்ளயே ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவங்க இதுல அலட்சியமா இருக்கவே கூடாது.

ஜாயின்ட்டைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல, அதுவே பெரிய பாராட்டு. ஆட்டம் இல்ல, முனகல் இல்ல. மேல்பலகை ஓரத்துக்கு அடியில சரிவா இழைச்சு விட்டிருக்கேன், முழங்கை வெக்கறப்ப உறுத்தாது, பார்க்கறதுக்கும் பலகை மெலிசா தெரியும், அவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன்.

செய்யறவங்களுக்கு: தேக்குல சிலிக்கா இருக்கு, பிளேடு சீக்கிரம் மழுங்கும், கையோட சாணை பிடிக்க வழி வெச்சுக்கங்க. எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரத்தை அசிட்டோன்ல துடைச்சா பசை நல்லா பிடிக்கும். மாஸ்க் இல்லாம ஒரு நிமிஷம்கூடத் தேய்க்காதீங்க. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே சேர்த்தாச்சு, தேக்குத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பையும் கிளப்பும்.

இவ்வளவு சொல்லிட்டு மார்க் போடணும்னா, நிறத்துக்கும் உறுதிக்கும் ரிப்பேருக்கும் சேர்த்து 10க்கு 9 தாராளமா வரணும். நான் 5 போடறேன். இன்னிக்குக் காலைலகூடத் துணி அந்த மூலைல மாட்டிக் கிழிஞ்சுது, கோவம் இன்னும் அடங்கல. தினமும் கை படற இடத்துல தினமும் உறுத்தற ஒரு விஷயம் மத்த எல்லா நல்லதையும் தூக்கிச் சாப்பிட்டுடுதுங்கறது எனக்கு இப்பதான் புரியுது. நாளைக்கே யாராவது சரிமட்டமா ஓரம் உள்ள ஒரு சாதா டேபிளைக் குடுத்து இதை மாத்திக்கலாமான்னு கேட்டா யோசிக்காம சரின்னுதான் சொல்லுவேன்.

செய்யணும்னா பட்டை இல்லாம செய்ங்க. வெட்டுமுகத்தை நல்லா வழவழன்னு தேச்சு, அங்க மட்டும் கூட ரெண்டு மூணு கோட்டிங் ஆயில் விட்டு ஊற வைங்க, முனை நல்லாவே தாங்கும், வெட்டுமுகத்துல வளையம் வளையமா தெரியறதும் ஒரு அழகுதான். என் டேபிள்லயும் பட்டையை அறுத்து எடுத்துடலாம்னு பென்சில்ல கோடுகூடப் போட்டுப் பார்த்தேன், நீளம் 160க்கு வந்துடுது, முனைல உட்கார்றவங்களுக்கு முழங்கால் சட்டத்துல இடிக்கும், அதை நகர்த்தணும்னா அடிச்சட்டம் மொத்தத்தையும் கழட்டிக் குறுக்கணும். அதனால பட்டை இப்போதைக்கு இருக்கு, மார்க்கும் 5தான்.