வேர் ஊக்கிப் பவுடர்: டப்பாவில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்

குச்சி நட்டு வேர் பிடிக்க வைக்க விற்கும் வெள்ளைப் பவுடரில் பெரும்பங்கு வெறும் டால்க்தான். வேலை செய்வது அதில் துளியூண்டு கலந்திருக்கும் ஐபிஏ, அதாவது இண்டோல் பியூட்டிரிக் அமிலம். பொதுவாக 0.1, 0.3, 0.8 சதவீதம் என்ற வலிமைகளில் வரும். 0.3 என்றால் 100 கிராமில் 300 மில்லிகிராம். இந்த எண்ணைப் போடாமல் ‘அதிசக்தி’ என்று மட்டும் அச்சடித்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

அளவில் ஏன் இவ்வளவு கறார்? செல்லுக்குள் போன ஐபிஏ, பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்பில் இரண்டு கார்பன் குறைந்து ஐஏஏ என்ற ஆக்சினாக, அதாவது செடியின் வளர்ச்சி ஹார்மோனாக, மாறுகிறது. வேருக்கான மரபணுக்களை முடுக்கும் ஏஆர்எஃப் புரதங்கள் அங்கே தயாராகத்தான் இருக்கின்றன. ஆக்ஸ்-ஐஏஏ என்ற தடைப் புரதங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆக்சின், டிஐஆர்1 என்ற ஏற்பியின் குழியில் அமர்ந்து, தடைப் புரதத்தைப் பசைபோல் அதோடு ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் தடைப் புரதத்தின்மேல் ‘அழிக்கவும்’ என்று சொல்லும் யுபிக்விட்டின் முத்திரை விழும். செல்லின் புரத அரவை இயந்திரமான புரோட்டியசோம் அதை அரைத்துத் தள்ளிவிடும். தடை நீங்கிய ஏஆர்எஃப் மரபணுக்களை முடுக்கும். டிஐஆர்1தான் ஏற்பி என்பது 2005இல் தெரிந்தது. அந்தப் பசை வேலையைப் படிக அமைப்பு 2007இல் காட்டியது.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். அப்படி விழித்த மரபணுக்களில் சில, புதிய தடைப் புரதங்களையே செய்கின்றன. ஜிஎச்3 நொதிகளோ மிச்ச ஐஏஏவை அமினோ அமிலத்தோடு கட்டி அடக்குகின்றன. செல் தன் பிரேக்கைத் தானே மிதிக்கிறது என்று சொல்லலாம். அளவு மீறினால் அந்தப் பிரேக் போதாது. எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு கூடும், அடித்தண்டு வீங்கிக் கறுக்கும், மொட்டு விரியாது. இளந்தண்டுக்கு 0.8 போட்டால் நடப்பது இதுதான். இளந்தண்டுக்கு 0.1, பாதி முற்றியதற்கு 0.3, நன்றாக முற்றிய கட்டைக்கு மட்டும் 0.8.

பவுடரின் பெரிய குறை, சீராக ஒட்டாதது. தண்டு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கட்டியாகும், காய்ந்திருந்தால் உதிரும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஈரத்தை உதறி, அடி 1 செ.மீ. மட்டும் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். குச்சியை நேராக மண் கலவையில் செருகினால் பவுடர் வழியிலேயே தேய்ந்துவிடும். முதலில் குழி போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவுக்குள்ளேயே முக்குவது இன்னொரு தவறு. ஈரமும் பூஞ்சையும் மொத்தத்தையும் கெடுக்கும்; ஒரு ஸ்பூன் தனியே எடுத்து அதில் தொட்டு, எடுத்ததில் மிஞ்சியதை மட்டும் கொட்டிவிடலாம்.

நிறைய குச்சி போடுபவர்களுக்குத் திரவமே மேல்: ஐந்து நொடி முக்கினால் எல்லாத் துண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் அமில வடிவ ஐபிஏ தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். பொட்டாசியம் உப்பாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஜெல் நன்றாக ஒட்டும், அவ்வளவுதான்.

தலைகீழாக நட்ட குச்சியை எந்தப் பவுடரும் காப்பாற்றாது. பின் (PIN) எனப்படும் கடத்திப் புரதங்கள் ஆக்சினை நுனியிலிருந்து அடியை நோக்கியே தள்ளுகின்றன. மண்ணுக்கு மேலே நிற்கும் முனையில்தான் அது போய்ச் சேரும். வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பம் வராது. டப்பாவை இறுக மூடி, வெளிச்சம் படாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.