குன்னூர் ஈரத்தில் மாடல் கப்பலின் கயிறுகள்: பல மழைக்காலத்துக்குப் பிறகு

மர மாடல் கப்பல் கட்டுபவர்கள் பலரும் உடற்பகுதியைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். மலையில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: எந்த நூலால் பாய்மரத்தைக் கட்டுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே மரத்தைவிட நூல்தான் முதலில் கெடுகிறது.

என்னிடம் இருப்பது 1:64 அளவில், இரண்டு பாய்மரம் கொண்ட பிரிக். 1796-ல் வில்லியம் ரூல் பிரிட்டிஷ் கடற்படைக்காக வடிவமைத்த க்ரூய்சர் வகைப் போர்க்கப்பல். கப்பல் பாகங்கள் அடங்கிய கிட்டோடு பருத்தி நூல் வந்தது. குன்னூர்ப் பனிமூட்டத்தை அது தாங்குமா என்ற சந்தேகத்தில் முன் பாய்மரத்துக்கு அதையும், பெரிய பாய்மரத்துக்குப் பாலியஸ்டர் நூலையும் வேண்டுமென்றே பிரித்துக் கட்டினேன். இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரே ஈரத்தில்தான் இருக்கின்றன.

வித்தியாசம் முதல் ஐப்பசியிலேயே தெரிந்துவிட்டது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. ஈரத்தில் இழை பருக்கும்போது முறுக்கிய நூலின் நீளம் குறைகிறது. மழையில் கொடிக்கயிறு விறைப்பதும் இதனால்தான். முன் பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ஷ்ரவுட் கயிறுகளும் முன்பக்கம் பிடிக்கும் ஸ்டே கயிறும் ஒருசேர இறுகி, மெல்லிய மேல்மரம் லேசாக வளைந்தது. தை மாத வெயிலில் அதே நூல் தொய்ந்து தொங்கியது. ஒவ்வொரு வருஷமும் தொய்வு கொஞ்சம் கூடுகிறது. போதாததற்குக் கறுப்பு நூலின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. பெரிய பாய்மரமோ கட்டிய நாளில் நின்றபடியே நிற்கிறது.

பாலியஸ்டர் நூலை இங்கே ஒரு தையல் சாமான் கடையில்தான் வாங்கினேன். "மழைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா, ஆனா முடிச்சு வழுக்கும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னது முழு உண்மை. ஒவ்வொரு முடிச்சிலும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பொட்டு வைத்தே ஆக வேண்டும். சூப்பர் க்ளூ வேண்டாம். நூல் விறைத்து ஒடியும், கறுப்பில் வெள்ளைத் தடமும் விழும். இன்னொரு குறை, சுருட்டி மாட்டிய கயிறு தன் எடையில் தொங்காமல் விறைத்து நிற்கும். அந்த இடங்களுக்கு மட்டும் இன்னமும் பருத்திதான் அழகு. இழுவிசை இல்லாத இடம் என்பதால் கெடுதலும் இல்லை.

தையல் நூல் ஷ்ரவுட்டுக்கு மெல்லியது. மூன்று இழையைத் தனித்தனியாக முறுக்கி, பிறகு சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் நிஜக் கயிறு போலவே வரும். கை ட்ரில் போதும். முறுக்கிய கயிற்றில் எடை கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிசிறு அடங்கத் தேன்மெழுகு தடவ வேண்டும். கோத்தகிரிப் பக்கம் தேன் விற்கும் கடைகளில் நல்ல மெழுகு கிடைக்கிறது. நம் குளிரில் அது கல்லாகக் கிடக்கும், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து பிறகு தேயுங்கள். ஒருமுறை இழுத்தால் போதும், அதிகமானால் தூசி ஒட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் டெட் ஐ. மூன்று துளை போட்ட சின்ன மர வட்டுகள், ஷ்ரவுட்டின் நுனியில் ஒன்று, கப்பல் பக்கவாட்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கயிறு மேலும் கீழுமாக ஓடும். நிஜக் கப்பலில் சணல் கயிறு நீளும்போது இதை இழுத்துத்தான் திரும்ப விறைப்பாக்கினார்கள். மாடலிலும் அது அப்படியே வேலை செய்யும் என்பதுதான் விஷயம். அந்தச் சிறு கயிற்றின் நுனிக்கு மட்டும் பசை போடாதீர்கள், வெறுமனே கட்டி விடுங்கள். முன் பாய்மரத்தை மழைக்கு முன் தளர்த்தி, மழை முடிந்ததும் இழுத்துக் கட்ட முடிவது இதனால்தான். எல்லா ஜோடியும் ஒரே உயரத்தில் நிற்க, இரு முனையும் மடக்கிய கம்பி ஒன்றைத் துளைகளில் மாட்டி அளவாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஷ்ரவுட்களின் குறுக்கே ஏணிப்படி மாதிரி வரும் ராட்லைன். மாலுமி ஏறும் படி என்பதால் நிஜத்தில் ஏறக்குறைய 13 அங்குல இடைவெளி, இந்த அளவில் 5 மில்லிமீட்டர். பின்னால் கோடு போட்ட தாளை நிறுத்திக்கொண்டு முடிச்சிடுங்கள். இழுத்துக் கட்டினால் ஷ்ரவுட்கள் இடுப்பு ஒடுங்கியது போல உள்ளே வளைந்துவிடும். பொறுமை மிகவும் தேவைப்படும் வேலை, ஆனால் முடிந்ததும் கப்பலுக்கு உயிர் வருவது இதில்தான்.

துணி பீரோவில் பல்பு எரியவிடும் நம் ஊர் வழக்கத்தைக் கப்பல் பெட்டியில் செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறி மரம் முறுக்கிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பைகள் போதும், அவ்வப்போது காயவைத்து மாற்ற வேண்டும்.

பாய்த்துணி நான் மாட்டவில்லை. ஈரத்தில் முதலில் பூஞ்சை பிடிப்பது அதுதான். தவிர, இவ்வளவு கயிற்று வேலையையும் அது மறைத்துவிடும். முன் பாய்மரத்தை மாசியில் காற்று காய்ந்திருக்கும்போது அவிழ்த்து, முழுவதும் பாலியஸ்டரில் கட்டப் போகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் கிட் நூலைச் சுருட்டி மாட்டும் கயிறுகளுக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும்.