முதல் தடவை நாட்டிங் ஹில் கார்னிவல்: சனியா, ஞாயிறா, திங்களா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் புதிதாக லண்டன் வந்தவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, கார்னிவலுக்கு ஞாயிறு போறதா, திங்கள் போறதா?" ஆகஸ்டின் கடைசித் திங்கள் இங்கே பொது விடுமுறை. அந்த நாளும் அதற்கு முந்தின ஞாயிறும்தான் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் தெருக்களில் கரீபியன் மக்கள் ஆட்டமும் இசையுமாக நடத்தும் கார்னிவல். பலருக்குத் தெரியாத மூன்றாவது வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது, சனிக்கிழமை மாலை. மூன்றுக்கும் போயிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை என்றால் ஞாயிறு, அதுவும் காலையிலேயே. திங்களை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்தான் உச்சம், அதில் சந்தேகமே இல்லை. வேடம் கட்டி ஆடிப் போகும் குழுக்களை 'மாஸ்' என்பார்கள். பெரிய மாஸ் குழுக்கள் முழு அலங்காரத்தோடு இறங்குவது அன்றைக்குத்தான். ஆளைவிட அகலமாக விரிந்த இறகுகள், கல் பதித்த உடைகள், பின்னாலேயே ஸ்பீக்கர் அடுக்கிய லாரியிலிருந்து சோகா என்ற துள்ளலான கரீபியன் இசை. நம் ஊர்த் தேரோட்டத்தில் தேர் அசையும்போது கூட்டமே சேர்ந்து மூச்சு விடுமே, அந்த மாதிரி ஒரு கணம் ஒவ்வொரு லாரி வரும்போதும் வரும். ஆனால் கூட்டமும் அன்றைக்குத்தான் அதிகம். இரண்டு நாளும் சேர்த்து 20 லட்சம் பேர் வருவதாகப் பொதுவாகச் சொல்வார்கள், அதில் பெரிய பங்கு திங்கள் பிற்பகலில் சில தெருக்களுக்குள் அடைந்து நிற்கிற மாதிரி இருக்கும். நான் முதலில் போனது திங்கள் மதியம் 2 மணிக்கு மேல், இரண்டு தோழிகளோடு. லாட்புரோக் குரோவ் சாலையில் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது, போனில் சிக்னல் இல்லை, ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் பார்க்க நினைத்த பாதி போய்விட்டது. தெருக்கள் ஓரளவு பழகியவர்களுக்கும், உயரமானவர்களுக்கும், நெரிசலில் பதறாதவர்களுக்கும் திங்கள் சரி.

ஞாயிறு குழந்தைகள் நாள். பிள்ளைகள் அட்டையிலும் துணியிலும் செய்த சிறகுகளோடு, முகத்தில் மினுமினுப்போடு வருவார்கள், பின்னால் தண்ணீர் பாட்டிலோடு அம்மாக்கள், அவர்களுக்கும் பின்னால் மெதுவாக ஆடிக்கொண்டே பாட்டிகள். திங்களோடு ஒப்பிட்டால் அலங்காரத்தின் பிரம்மாண்டம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விழா யாருடையது, எதற்கு வந்தது என்பது ஞாயிறு காலையில்தான் தெரியும். 1958-ல் இதே நாட்டிங் ஹில்லில் கரீபியன் மக்களை வெள்ளையர் கும்பல்கள் தேடித் தேடித் தாக்கின. அதற்குப் பதிலடியாக, கரீபியன் தீவான டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹாலில் ஒரு கார்னிவல் நடத்தினார், நல்ல குளிர்காலம் என்பதால் மண்டபத்துக்குள்ளே. தெருவுக்கு வந்தது 1966-ல். ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக நடத்திய தெரு விழாவில் ரஸ் ஹென்டர்சனின் ஸ்டீல் இசைக்குழு வாசித்துக்கொண்டே தெருவில் நடக்கத் தொடங்க, ஜனங்கள் பின்னாலேயே போனார்கள். அந்தத் தொடக்கத்துக்கு இன்றும் மிக நெருக்கமாக இருப்பது ஞாயிறுதான்.

இன்னும் சீக்கிரம் எழ முடிந்தால் ஞாயிறு விடியற்காலை 'ஜூவே' உண்டு. ஒருவர் மேல் ஒருவர் சாயமும் பொடியும் உருகிய சாக்லேட்டும் பூசிக்கொண்டு ஆடுவார்கள். நம் திருவிழா முடிவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவோமே, அந்தக் குதூகலம். பகலிலும் சில குழுக்கள் இப்படிப் பூசிக்கொண்டு வரும், அதனால் ஞாயிறன்று நல்ல உடை வேண்டாம்.

சனிக்கிழமை மாலை வேறு ரகம். பனோரமா என்ற ஸ்டீல் இசைக்குழுப் போட்டி, எம்ஸ்லி ஹார்னிமன்ஸ் பிளசன்ஸ் பூங்காவில் நடந்து வருவது. எண்ணெய் பீப்பாயின் அடித்தகட்டைக் குழித்து, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சுரம் வரும்படி தட்டிச் செய்த வாத்தியம்தான் இந்தக் குழுக்கள் வாசிக்கும் ஸ்டீல் பேன். டிரினிடாடில் ஆங்கில அரசு தோல் மேளங்களுக்குத் தடை போட்ட பிறகு மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள், அப்புறம் டின்களையும் பீப்பாய்களையும் தட்டினார்கள், அதிலிருந்து பிறந்தது. மாங்குரோவ், எபோனி, மெட்ரோனோம்ஸ் மாதிரிக் குழுக்கள் மாதக்கணக்கில் ஒரே பாட்டை மனப்பாடமாகப் பழகி வந்து, தாளோ குறிப்போ இல்லாமல் வாசிக்கும்போது, மழை தகரக்கூரையில் விழுகிற ஓசை திடீரென்று ராகமாக மாறின மாதிரி இருக்கும். ஆடவேண்டாம், இசை கேட்டால் போதும் என்பவர்களுக்கு மற்ற இரண்டு நாளையும்விட இதுதான் மேல். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைத்தால் யோசிக்காமல் சனி.

நாள் முடிவானதும் அடுத்த கேள்வி, ஊர்வலத்தோடு நடப்பதா, ஒரு சவுண்ட் சிஸ்டம், அதாவது தெருவோரம் ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் இடம், அதன் பக்கத்தில் நிற்பதா? கிளைத் தெருக்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சவுண்ட் சிஸ்டங்கள் நிற்கும், ஒன்றில் ரெக்கே, ஒன்றில் டப், ஒன்றில் ஹவுஸ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வகை இசை. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நாள் முழுக்க முண்டி நடக்கிறார்கள். என் யோசனை, காலை 11 மணிவாக்கில் கிரேட் வெஸ்டர்ன் ரோடு பக்கம் நின்று ஊர்வலம் பாருங்கள், நெரிசல் ஏறுவதற்குள் ஒரு சவுண்ட் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருந்துவிடுங்கள். ஸ்பீக்கரின் பேஸ் ஒலி நெஞ்சுக்கூட்டில் அதிரும். குழந்தை இருந்தால் காது மூடி கட்டாயம். மாலை 7 மணிக்கு சவுண்ட் சிஸ்டங்களை நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாட்டில் பெரிய போட்டியில்லை, பீப்பாய் அடுப்பில் புகையும் ஜெர்க் சிக்கன்தான் எங்கும். ஆனால் டிரினிடாட் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்கள், பெரும்பாலும் கங்கைச் சமவெளிக்காரர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு, கொண்டுபோன ரொட்டியும் கொண்டைக்கடலையும்தான் அங்கே 'டபுள்ஸ்' ஆனது. கையில் ரொக்கம் இருக்கட்டும்.

ஈஸ்ட் ஹாம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் நேராக வெஸ்ட்போர்ன் பார்க் வரும், அதுதான் வசதி. லாட்புரோக் குரோவ் நிலையம் இரண்டு நாளும் மூடியிருக்கும். நாட்டிங் ஹில் கேட் நிலையத்தில் பகலில் இறங்கலாம், ஏற முடியாது. நேரங்கள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறோ திங்களோ, பிற்பகல் 3 மணிக்கு எல்லாச் சத்தமும் 72 விநாடி நிற்கும். 2017 ஜூனில் இதே வட்டாரத்தில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தபோது இறந்த 72 பேருக்காக. அத்தனை லட்சம் பேர் நிற்கும் தெருக்களில் எங்கோ ஒரு கைக்குழந்தை அழுவது மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் இருக்காதீர்கள், 3 மணிக்கு முன்பே ஒரு ஸ்பீக்கர் அடுக்கின் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.