ரெப்பாசிட்டரியில் தேதி வைத்துத் தேடுவது: சில வருட அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டார்: "புது புராஜெக்டுக்கு ஜேசிஆர் ரெப்பாசிட்டரி எடுக்கலாம் என்று இருக்கிறோம். மாதா மாதம் எந்தெந்தப் பக்கம் மாறியது என்று ரிப்போர்ட் வேண்டும். சரிவருமா?" ஜேசிஆர் என்பது இணையதளப் பக்கம் போன்ற உள்ளடக்கத்தை மரம் போல அடுக்கிச் சேமிப்பதற்கான ஜாவா தரநிலை. மரத்தின் ஒவ்வொரு கணுவும் நோடு, அதில் உள்ள தகவல் பிராப்பர்ட்டி. இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் நேரே தேதிக்கு வருகிறேன்.

ஜேசிஆரின் தேடல் மொழியான எஸ்க்யூஎல்-2வில் தேதியை எழுதுவதே ஒரு தனி வேலை. 2024-03-31 என்று மட்டும் கொடுத்தால் ஏற்காது. நாளுக்குப் பின் 'டி' எழுத்து, மணி, நிமிடம், நொடி, அதற்கும் பின் மூன்று இலக்க மில்லிநொடி, கடைசியில் நேர மண்டலம். இத்தனையும் எழுதி, காஸ்ட் (வகை மாற்றும் கட்டளை) போட்டு, டேட் வகையாக மாற்ற வேண்டும். மார்ச் மாதத்து மாற்றங்களைக் கேட்பவனுக்கு மில்லிநொடி எதற்கு? இன்னொரு தேடல் மொழியான எக்ஸ்பாத்திலும் இதே கதைதான். 2009-ல் வந்த ஜேசிஆர் 2.0 எக்ஸ்பாத்தை ஓரங்கட்டியது. தேதி எழுதும் தொல்லையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், இந்தக் கறாரில் பலன் உண்டு. டேட் பிராப்பர்ட்டி நேர மண்டலத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. எந்த மூலையில் இருந்து எழுதினாலும் முன்பின் வரிசை பிசகாது. அதே தேதி இறக்குமதியின்போது வெறும் ஸ்ட்ரிங்காக உள்ளே வந்துவிட்டால் அவ்வளவுதான், ஒப்பீடு எழுத்து வரிசையில் போய்விடும். மேல் எல்லையை "மார்ச் 31 வரை" என்று எழுதாமல் "ஏப்ரல் 1, 00:00 மணிக்கு முன்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைசி நாள் முழுதும் ரிப்போர்ட்டில் இருக்காது.

இன்டெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஜேசிஆரைச் செயல்படுத்தும் மென்பொருளான ஜாக்ரேபிட் ஓக்கில் தேதிக்குப் பொருத்தமான லூசீன் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லையென்றால் நோடு நோடாக நடந்துபோய்த் தேடும், லாகில் எச்சரிக்கையும் விழும். அந்த பிராப்பர்ட்டிக்கு வகை டேட் என்றும், வரிசைப்படுத்தத் தக்கது என்றும் குறித்துவிட்டால் வேகம் அருமை. சும்மா சொல்லவில்லை, பெரிய மரத்திலும் பதில் சட்டென்று வரும். இன்டெக்ஸ் பின்னணியில், வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், சேமித்த கையோடு தேடினால் கிடைக்காமல் போகலாம். ரிப்போர்ட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது வேறு. 'லாஸ்ட் மாடிஃபைடு' என்பது கடைசி மாற்றத்தின் தேதி மட்டும். மார்ச்சில் திருத்திய பக்கத்தை ஏப்ரலிலும் யாராவது தொட்டால், மே மாதம் எடுக்கும் மார்ச் ரிப்போர்ட்டில் அது வராது. குவெரியில் தப்பே இல்லை, ஆனால் பதில் தப்பு. போதாததற்கு, அந்தத் தேதியைத் தானே புதுப்பிப்பதா, அப்ளிகேஷனிடம் விடுவதா என்பதை ஜேசிஆர் வரையறை ஒவ்வொரு ரெப்பாசிட்டரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கோடு எழுதியவர் மறந்தால் தேதி பழையதாகவே நிற்கும். மேலாளரிடம் இதை விளக்கிப் பாருங்கள், தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. வெர்ஷன் (பக்கத்தின் அந்தந்த நேரத்துப் பிரதி) வைத்திருந்தால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனியாக உருவான தேதி உண்டு. பக்கங்களை விட்டுவிட்டு வெர்ஷன்கள் இருக்கும் பகுதியில் தேடலாம். ஆனால் வெர்ஷன் எடுக்காத மாற்றம் அங்கேயும் இருக்காது. பழைய வெர்ஷன்களைத் துப்புரவு செய்யும் வேலை ஓடியிருந்தால் அதுவும் போச்சு.

அடோபியின் ஏஇஎம் மென்பொருளில் வரும் தேடல் கருவியான குவெரி பில்டர் கையில் இருந்தால் "கடைசி இரண்டு வாரம்" என்பதை -2டபிள்யூ என்று சுருக்கமாகக் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி. மாதம் என்றால் எல்லா மாதமும் அதற்கு 30 நாள்தான், பிப்ரவரி உட்பட!

ஆக, தேதி வகை உறுதியானது, வேகம் நன்று, எல்லை பிடிப்பது துல்லியம். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது: வேண்டாம். போன வாரம் கேட்டிருந்தால் எடுங்கள் என்றிருப்பேன். நேற்றுதான் பழைய மார்ச் ரிப்போர்ட்டை மறுபடி கேட்டார்கள். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு தனி டேபிளில் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.