8,500 ராண்ட், 9 வருஷ வாரண்டி, 19 நாள் பளபளப்பு

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது காருக்கு செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசுகிற பாதுகாப்புப் பூச்சு) போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 8,500 ராண்டைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோட்டிங் எப்படித் தேர்ந்தெடுப்பது, போடுகிற ஆளை எப்படிச் சோதிப்பது, எல்லாவற்றையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

நான் இருப்பது டோங்காட்டில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாலை, அதைத் தாண்டினால் கரும்பு. ஏப்ரல் வாக்கில் ஆலை ஓட ஆரம்பித்தால் டிசம்பர் வரை வெட்டு நடக்கும். வெட்டுவதற்கு முன்னால் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கொளுத்துவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கொடியில் காயும் துணி, வாசல், கார் எல்லாவற்றின் மேலும் கருப்பாகச் சுருள் சுருளாகச் சாம்பல் விழும். ராத்திரிப் பனியில் அது ஊறி ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் போதும் என்று நினைத்துத் துடைத்தீர்களோ, பெயிண்ட் முழுக்க மெல்லிய கீறல். இன்னொரு பக்கம் கடல், உப்புக் காற்று. அப்புறம் தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்குள்ள தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. டேங்கர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், ஹோஸைப் பிடித்துக் கார் கழுவ இன்னும் மனசு வராது. ஆக, கஷ்டப்படாமல் காரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று நான் தேடியது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. கொஞ்சம் சோம்பேறித்தனமும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கார், இதே டர்பனில் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த டொயோட்டா கரோலா கிராஸ். அடர் நீலம். வெள்ளை வாங்கு, வெள்ளை வாங்கு என்று ஊரே சொன்னது. கேட்டேனா?

வீட்டுக்கே வந்து கார் கழுவிக் கொடுக்கும் ஆட்களைப் பிடித்துத் தருகிற ஓர் ஆப் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அதில் ஒரு விளம்பரம்: 9ஹெச் செராமிக், 9 வருஷ வாரண்டி, இனி மெழுகே போட வேண்டாம், தண்ணீர் அடித்தால் அழுக்கு தானாக ஓடிவிடும். விலை 12,000, இந்த மாதம் மட்டும் 8,500. ஐந்து நட்சத்திரம், படத்தில் எல்லாக் காரும் கண்ணாடி மாதிரி. 500 ராண்ட் கட்டிப் பதிவு செய்தேன். மீதி 8,000 வேலை முடிந்த பிறகு.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பையன் வந்தான். முப்பது வயசு இருக்கும். கையில் மஞ்சள் கயிறு. வாசலில் என் மனைவி போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, கை கூப்பி, "வணக்கம் அண்ணா" என்றான்.

இதை ஊரில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூட்லி என்று தெருவெல்லாம் பெயர்ப் பலகை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்தவர்களில் தொடங்கி, அந்தக் காலத்துக் கப்பல்களில் வந்தவர்களின் வாரிசுகள். காவடி எடுப்பார்கள், தீ மிதிப்பார்கள், புரட்டாசி முழுக்க கவிச்சி தொட மாட்டார்கள். ஆனால் பேச்சு மட்டும் இங்கிலீஷ். நான் தென்காசிக்காரன், இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து தானாகத் தமிழ் வந்தது அன்றைக்குத்தான். அவன் ஆயா, அதாவது பாட்டி, சமையலறையில் பாடுவாளாம், அவளிடம் கற்றுக்கொண்டதாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மனைவி தோசை ஊற்றினாள். நாலு சாப்பிட்டான். "ஆயா சாப்பாடு மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் காலி.

பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவன் பேசிய தமிழ் மொத்தம் பன்னிரண்டு சொல் இருக்கும். 8,500 ராண்டை அதால் வகுத்தால் சொல்லுக்கு எழுநூறு ராண்டுக்கு மேல் வருகிறது.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தான், ஒரு மணிக்கு முடித்துவிட்டான். கழுவி, மெஷின் வைத்துத் தேய்த்து, சின்ன பாட்டிலிலிருந்து எதையோ ஸ்பான்ஜில் ஊற்றிப் பூசி, துடைத்து, மூன்றரை மணி நேரம். கார் நின்றது நாலு பக்கமும் திறந்த கார்ப்போர்ட்டில், காற்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போது எனக்குத் தெரிகிறது: ஒழுங்கான கோட்டிங் வேலைக்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். முதலில் பெயிண்டில் இருக்கும் கீறலை எடுக்க வேண்டும், பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும், தூசி இல்லாத மூடிய இடத்தில் பூச வேண்டும், குறைந்தது ராத்திரி முழுக்க ஈரம் படாமல் உள்ளேயே விட வேண்டும். இவன் முடித்த கையோடு ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து பானெட்டில் ஊற்றிக் காட்டினான். தாமரை இலையில் உருளுவது போல முத்து முத்தாக உருண்டது. நானும் மனைவியும் கைதட்டாத குறை. புதிதாகப் பூசிய கோட்டிங்கில் தண்ணீர் படவே கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அது கோட்டிங்காக இருந்தால்தானே.

இப்போது நான் கோட்டை விட்ட இடம். மீதிப் பணத்தை ஆப் வழியாகக் கட்டப் போனேன். "அண்ணா, அவங்க பெரிய கமிஷன் எடுக்கிறாங்க, என் அக்கவுண்டுக்கு நேரா போடுங்க" என்றான். பாவம், உழைத்த பையனின் காசை எவனோ ஏன் தின்ன வேண்டும்? அங்கேயே நின்றுகொண்டு 8,000 ராண்டை பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன். கார்டில் கட்டியிருந்தாலாவது பேங்கில் சண்டை போட்டிருக்கலாம். வாரண்டி அட்டை ஒன்று கொடுத்தான். தங்க நிறத்தில் 9 என்று பெரிதாகப் போட்டிருந்தது. எந்தக் கம்பெனியின் கோட்டிங் என்று அதில் இல்லை, முகவரி இல்லை. நான் அதைப் பூஜை அறை மேஜை டிராயரில் பத்திரமாக வேறு வைத்தேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை கழுவியபோது தண்ணீர் கொஞ்சம் சோம்பலாக உருண்டது. பத்தொன்பதாம் நாள், மூன்றாவது முறை கழுவினேன், பானெட்டில் தண்ணீர் தகடு மாதிரி அப்படியே நின்றது. சாயங்கால வெயிலில் பார்த்தால் கதவு முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டக் கீறல். அவன் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகம்.

மெசேஜ் அனுப்பினேன். "மழையில விட்டிருப்பீங்க அண்ணா, அது கெட்டியாகலை." டர்பனில் ஜூன் மாசத்தில் மழையா? அந்த மூன்று வாரத்தில் தூறல்கூட இல்லை. அதைச் சொன்னேன். "எந்த ஷாம்பூ போட்டீங்க?" பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினேன், கார் ஷாம்பூதான். "இது ஒத்துக்காது, வாரண்டி போச்சு. 1,200 ராண்ட் கொடுத்தா வந்து பூஸ்டர் அடிக்கிறேன்." நான் கொஞ்சம் சூடாக எழுதினேன். அதற்கு அப்புறம் என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். போன் போட்டால் ஒரு ரிங், கட். மனைவி நம்பரிலிருந்து போட்டாள், எடுத்தான், "ஆயா சாப்பாடு" வீடு என்று தெரிந்ததும் வைத்துவிட்டான்.

ஆப் ஆட்கள் இன்னும் மேல். முதல் நாள், உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம். நாலாம் நாள், எங்கள் தளத்தில் வேலை செய்பவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, தனிப்பட்ட ஒப்பந்தக்காரர்கள். ஏழாம் நாள், எங்கள் கணக்கில் நீங்கள் கட்டியது 500 ராண்ட் மட்டுமே, வெளியில் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லணும். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு வவுச்சர் அனுப்பினார்கள். 250 ராண்ட். அடுத்த கார் வாஷுக்கு. 30 நாளில் காலாவதி. 8,500 ராண்ட் போனவனுக்கு 250 ராண்ட், அதுவும் அதே ஆப்பில்!

சரி, ஒருவேளை நான்தான் ஏதோ தப்பு செய்தேனோ என்று வெருலத்தில் தெரிந்த ஒரு பேனல் பீட்டரிடம் (காரின் ஒடுக்கு எடுத்து பெயிண்ட் அடிப்பவர்) கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு துணியில் ஆல்கஹால் ஊற்றி, பின்கதவில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உருண்டுகொண்டிருந்த ஓர் இடத்தைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றினார். உருளவில்லை, படர்ந்து நின்றது. உண்மையான செராமிக் இப்படி ஒரு துடைப்புக்குப் போகாதாம். இது கடையில் வாங்குகிற சாதாரண பளபளப்பு ஸ்ப்ரே ரகம், சிலிகான், அவ்வளவுதான் என்றார். மெஷினில் தேய்த்தது கீறலை எடுப்பதற்கு இல்லை, பாலிஷிலிருக்கும் எண்ணெயால் கீறலை அடைத்து மறைப்பதற்கு. மூன்று கழுவலில் எண்ணெய் போய்விட்டது, கீறல் பல்லிளிக்கிறது.

அதைவிட வயிறு எரிந்தது அடுத்த விஷயத்தில். பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். கதவிலெல்லாம் 110 மைக்ரான் பக்கம் காட்டுகிறது, பானெட் ஓரத்தில் ஓர் இடத்தில் 80. மெஷினை அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கிறான். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அந்த கிளியர் கோட்டே மொத்தம் 40, 50 மைக்ரான்தான் இருக்குமாம். அதில் பாதிக்கு மேல் அந்த ஓரத்தில் போய்விட்டது. மெழுகு போனால் மெழுகு போடலாம், கிளியர் கோட் போனால் மறுபடி ஸ்ப்ரே பெயிண்ட்தான். ஆக 8,500 ராண்ட் போனதோடு முடியவில்லை, பானெட்டுக்குத் தனிச் செலவு காத்திருக்கிறது.

அந்த 9ஹெச் என்பதையும் அவரிடம் கேட்டேன். பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையாம். 9ஹெச் பென்சில் கீறாது என்று அர்த்தம், மணலும் கல்லும் கீறாது என்று அர்த்தம் இல்லை. நான் ஏதோ வைரம் மாதிரி என்று நினைத்திருந்தேன். நல்ல கோட்டிங்கே ஓரிரு மைக்ரான் கனம்தானாம், கழுவுகிற வேலை குறையும், அழுக்கு சுலபமாகப் போகும், கழுவவே வேண்டாம் என்று ஆகாது.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார், எண்பதைத் தொட்டவர். 80-களில் வாங்கிய டொயோட்டா கிரெஸிடா கார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நிழலில் நிறுத்தி, இரண்டு வாளி, ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே கழுவி, ஷாமித் தோலால் ஒற்றி எடுப்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டப்பா மெழுகு. அந்தக் காரில் முகம் பார்க்கலாம். நான் கோட்டிங் போட்ட அன்றைக்கு வேலி ஓரம் நின்று பார்த்தவர், எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அப்போதே புரிந்திருக்கணும்.

இங்கே 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54-ஆம் பிரிவு இருக்கிறது. வேலை ஒழுங்காக இல்லாவிட்டால் சரிசெய்து தரணும், இல்லையென்றால் பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரணும். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. முதலில் எழுத்தில் கேட்டு 14 நாள் அவகாசம் தரணும். எல்லாம் சரி, அந்தப் பையனின் முகவரி? ஆப்காரர்கள் தனியுரிமை என்று சொல்லித் தர மறுக்கிறார்கள். கடிதத்தை ஆப் கம்பெனியின் ஜோஹன்னஸ்பர்க் ஆபீசுக்கே நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 8,500 ராண்டும் கேட்டிருக்கிறேன், 500 இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதும் நிலையில் இல்லை, மன்னிக்கவும். சுருக்கமாக: ஆப்புக்கு வெளியே ஒரு சென்ட் கொடுக்காதீர்கள். அரை நாளில் செராமிக் என்றால் அது செராமிக் இல்லை. பாட்டிலின் பெயரைப் படம் எடுங்கள், பெயர் இல்லாத அட்டையை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் உருட்டிக் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள், 100 ராண்ட் ஸ்ப்ரேயும் உருட்டும். சாம்பலைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், முதலில் தண்ணீர். பறவை எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்து எடுங்கள். தமிழ் பேசினான் என்பதற்காக... அதை நான் சொல்ல வேண்டாம்.

இதே மஞ்சள் கயிறு, இதே தங்க நிற அட்டை வேறு யாருக்காவது நடந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். மனைவி கூப்பிடுகிறாள், பின்வயலில் தீ வைத்துவிட்டார்களாம். போய்க் காருக்குத் துணி போர்த்தணும்.