கப்பல் சாப்பாடு: குறித்த நேரமா, நினைத்த நேரமா? ஐந்து பயணங்களுக்குப் பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "முதல் தடவை கப்பலில் போகிறோம். முன்பதிவு செய்யும் இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குக் குறித்த நேரம், நினைத்த நேரம் என்று இரண்டு கட்டம் காட்டுகிறது. எதை டிக் செய்ய?" ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவருக்குச் சொன்னது ஒன்று, என் அடுத்த பயணத்துக்கு நானே டிக் செய்து வைத்திருப்பது இன்னொன்று. அந்த முரணுக்கு விளக்கம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டிலும் சமையலறை ஒன்றுதான், பெரும்பாலும் மெனுவும் ஒன்றுதான். குறித்த நேர முறையில் பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர். முதல் பந்தி மாலை 5.30, 6 மணி வாக்கில். இரண்டாம் பந்தி 8 மணிக்கு மேல். நினைத்த நேர முறையில் உணவுக்கூடம் திறந்திருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் போகலாம், காலியாக இருக்கும் மேசையில் உட்காரலாம். கம்பெனிகள்தான் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்புகின்றன. ராயல் கரீபியனில் 'மை டைம்', கார்னிவலில் 'யுவர் டைம்', செலிப்ரிட்டியில் 'செலக்ட்'. எல்லாம் ஒன்றுதான்.

என் கணக்கு: மூன்று பயணம் குறித்த நேரம் (ஒன்று முதல் பந்தி, இரண்டு இரண்டாம் பந்தி), இரண்டு பயணம் நினைத்த நேரம்.

முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயத்தைச் சொல்கிறேன். என் மனைவிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வெண்ணெய், கிரீம், சீஸ் எதுவும் ஆகாது. கப்பல் சாப்பாட்டில் இவை மூன்றும் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. சூப்பில் இருக்கும், மசித்த உருளைக்கிழங்கில் இருக்கும், மீன் மேல் ஊற்றும் சாறில் இருக்கும். குறித்த நேர முறையில் போன முதல் பயணத்தில், முதல் நாள் இரவு வெயிட்டரிடம் இதை ஒரு தடவை சொன்னோம். மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே, ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில், அவள் உட்காரும் பக்கம் மட்டும், வெண்ணெய்க்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கிண்ணம் அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆறு இரவும் இருந்தது.

இதைவிடப் பெரிய வசதி, சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் தலைமை வெயிட்டர் மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து காட்டுவது. "நாளைக்கு இதில் எது வேண்டும், பால் இல்லாமல் செய்யச் சொல்கிறேன்" என்பார். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் சமையலறையில் கடைசி நிமிடத்தில் "சாஸ் வேண்டாம்" என்று சொல்வதற்கும், ஒரு நாள் முன்பே சொல்லி வைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடைசி நிமிடத்தில் சொன்னால் சாஸை எடுத்துவிட்டுக் காய்ந்த மீனைக் கொடுப்பார்கள். முன்பே சொன்னால் வேறு சாஸ் செய்து தருவார்கள்.

இனி எரிச்சல். நினைத்த நேர முறையில் இரண்டு பயணமும் சேர்த்து 17 இரவு. அதில் 13 இரவு பெரிய உணவுக்கூடத்தில் சாப்பிட்டோம். ஒரு இரவு தவிர மற்ற எல்லா இரவும் புது வெயிட்டர். 13 இரவும் அதே கேள்வி: "ஏதாவது அலர்ஜி இருக்கிறதா?" நல்ல கேள்விதான், கேட்காவிட்டால்தான் தப்பு. ஆனால் 13-வது தடவையும் "பால் ஆகாது, வெண்ணெயும் பால்தான், ஆமாம், சீஸும்தான்" என்று விளக்கும்போது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அவள் வாயே திறக்காமல், போனில் எழுதி வைத்திருந்த குறிப்பை அப்படியே நீட்டினாள். கேபின் எண்ணோடு இந்தக் குறிப்பு கணினியில் பதிவாகியிருக்கும் என்றார்கள். பதிவாகித்தான் இருந்தது. வெயிட்டர் அதைப் படித்தபடியே நம்மிடமும் கேட்பார்.

அந்த பஸ்ஸரையும் சொல்லியாக வேண்டும். முதல் தடவை போனபோது வாசலில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் வில்லையைக் கையில் கொடுத்தார்கள். மேசை தயாரானால் சிவப்பு விளக்கு சுழன்று, கை கூசும் அளவுக்கு அதிரும். அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று கேட்டேன். பக்கத்தில் இருக்கும் பார் வரைக்கும் என்றார்கள். சரியாக பார் வரைக்கும். தற்செயலாக இருக்கலாம்.

நினைத்த நேரத்தில் சாப்பிடலாம் என்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நாம் நினைக்கும் அதே ஏழு மணியைத்தான் மற்ற எல்லோரும் நினைக்கிறார்கள். துறைமுகம் தொடாமல் நாள் முழுக்கக் கடலிலேயே போகும் நாட்களிலும், எல்லோரும் கோட்டும் பட்டும் போட்டுக்கொண்டு வரும் இரவிலும் வரிசை லிஃப்ட் வரை நிற்கும். ஆறரைக்கு முன்னால் போனால் கூட்டமில்லை, எட்டரைக்குப் பிறகு போனாலும் கூட்டமில்லை. அதாவது பழைய இரண்டு பந்தி நேரங்களுக்கே போய்ச் சேர்கிறோம். இதைத் தவிர்க்க ஆப்பில் முன்கூட்டியே மேசை பிடிக்கலாம். நானும் பிடித்தேன், எல்லா நாளும் 7.15-க்கு. மூன்றாம் நாள்தான் புரிந்தது, குறித்த நேர முறையை நானே கஷ்டப்பட்டு, மேசையும் வெயிட்டரும் இல்லாமல், திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. பிடித்த வெயிட்டர் இருந்தால் அவர் பகுதியில் மேசை கேட்கலாம், தருவார்கள். ஒரு நாள் கேட்டோம். கூடுதலாக 25 நிமிடம் நின்றோம்.

இந்தச் சுதந்திரத்தைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள், ஆனால் விஷயம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1905-இல் 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலில் ரிட்ஸ் ஹோட்டல் பெயரில் தனி உணவகமே இருந்தது. 1912-இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புக்காரர்களுக்கு அப்படி ஒன்று உண்டு. காலை 8 முதல் இரவு 11 வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம், தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். பயணம் முழுக்க அங்கேயே சாப்பிடுவதாக முன்பே சொன்னால் டிக்கெட்டில் கொஞ்சம் கழிவு கொடுத்தார்களாம். நமக்கு அந்தத் தனிக் கட்டணம் இல்லை, பதிலுக்கு வரிசையில் நிற்கிறோம். எல்லாப் பயணிகளுக்குமாக இதைக் கொண்டுவந்து பரப்பியது 'நார்வீஜியன்' என்ற கப்பல் கம்பெனி, 2000-இல், 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில். ராயல் கரீபியன் 2014-இல் 'குவாண்டம்' கப்பலில் ஒரு படி மேலே போய், பெரிய உணவுக்கூடத்தையே எடுத்துவிட்டு, பல சிறு உணவகங்களாகப் பிரித்துப் பார்த்தது. சில வருஷங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்குப் பிடித்த யோசனை டிஸ்னியுடையது. 1998 முதல் அவர்கள் கப்பலில் உணவகம் தினம் மாறும், வெயிட்டர் மட்டும் நம் கூடவே வருவார். கிண்ணமும் கூடவே வரும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, குறித்த நேரமே நல்லது என்றுதானே தோன்றும்? அதில் எனக்குக் கோபம் வரவைத்தவையும் உண்டு. முதல் பந்தியில் போன பயணத்தில் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் காட்சியை ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்கவில்லை. கப்பல் கிளம்பும் நேரத்தில்தான் சூப் வரும். ஏழரைக்குள் மேசையைக் காலி செய்து அடுத்த பந்திக்குத் துணி மாற்ற வேண்டும் என்பதால், இனிப்பும் காபியும் ஒன்றாக வந்துவிடும். வளைந்த சின்னத் தகடு ஒன்றால் வெயிட்டர் மேசைத் துணியில் கிடக்கும் ரொட்டித் துகள்களை அழகாக வழித்து எடுப்பார். பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் நாம் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வழித்தால் அதற்கு அர்த்தம் வேறு. இரண்டாம் பந்தியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இருக்கும் தொல்லை பசி.

எட்டுப் பேர் மேசையில் அந்நியர்களோடு உட்கார்வது தனிக் கதை. முதல் நாள் யாரும் பேசுவதில்லை, மூன்றாம் நாள் எல்லோருடைய முழங்கால் வலியும் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு பயணத்தில் எங்கள் மேசையில் இருந்த ஒரு தம்பதி நான்காம் நாள் வேறு மேசைக்கு மாறிப் போய்விட்டார்கள். தலைமை வெயிட்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார்கள், அது சகஜம்தான். எங்களால் மாறினார்களா, அந்த முழங்கால்காரரால் மாறினார்களா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

உண்மையில் உறுத்துவது இவை எதுவும் இல்லை. மூன்றாவது பயணத்தில் ஒரு நாள் கரையில் நிறைய நடந்துவிட்டு வந்தோம். குளித்து உடை மாற்றிக் கீழே போகச் சோம்பல். மேல் டெக் பஃபேயில் ஈரச் செருப்போடு ஒரு தட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம். மறுநாள் இரவு வெயிட்டர் கவலையோடு கேட்டார்: "நேற்று உடம்பு சரியில்லையா?" மனைவிக்காகத் தனியாகச் செய்த பால் சேர்க்காத இனிப்பை நாங்கள் வருவோம் என்று கடைசி வரை எடுத்து வைத்திருந்தாராம். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் இன்னும் மோசம். அதன் பிறகு ஒரு இரவும் தவறவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி, 8.10-க்கே வாசலில் போய் நின்றேன்.

கடைசி இரவில் கருத்துக் கேட்பு மின்னஞ்சல் வரும் என்று சொல்லி, பத்துக்குப் பத்து போடும்படி கேட்டுக்கொண்டார். ஒன்பது போட்டால்கூட மேலே கூப்பிட்டு விளக்கம் கேட்பார்களாம். போட்டேன். மனசாரத்தான் போட்டேன். ஆனால் அந்த ஆலிவ் எண்ணெய்க் கிண்ணத்தில் எத்தனை பங்கு அன்பு, எத்தனை பங்கு அந்தப் பத்து என்று யோசிக்க வேண்டி வந்ததே, அதற்காக அந்தக் கம்பெனியின் மேல் கோபம் இருக்கிறது. வெயிட்டர் மேல் இல்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல், ஒரு இரவில் இரண்டு பந்தி பரிமாறும் மனிதர் அவர்.

சரி, நண்பருக்குச் சொன்ன பதில்: குறித்த நேரம், இரண்டாம் பந்தி. அவர் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாடு தாமதமாவதால் மருந்து நேரத்தையும் இடையில் கொறிப்பதையும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். தினமும் ஒரே ஆள் பரிமாறுவது அவருக்குத்தான் பெரிய உதவி. இரண்டாம் பந்தி நிரம்பிவிட்டது என்று காட்டினால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, கப்பல் ஏறிய அன்று மதியமே உணவுக்கூடத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னேன். முதல் நாள் மாலைக்குள் நிறையப் பேர் மாற்றிக்கொள்வார்கள், இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

நான் என் அடுத்த பயணத்துக்கு டிக் செய்திருப்பது நினைத்த நேரம். மேலே சொன்ன கணக்கில் இதற்கு ஒரு நியாயமும் கிடையாது. ஐந்தாவது பயணத்தில் ஒரு மாலை, ஏழே முக்கால் இருக்கும், பின்பக்க டெக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். சூரியன் இன்னும் போகவில்லை. கப்பல் கிழித்துவிட்டுப் போன தண்ணீர் வெள்ளைக் கோடாக நீண்டு கிடந்தது. "உங்கள் மேசை தயார்" என்று ஆப் சொன்னது. மனைவி போனைப் பார்த்தாள், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பத்து நிமிடத்தில் மேசை கைமாறிவிட்டது. ஒன்பது மணிக்குப் போய்ச் சாப்பிட்டோம், மீன் காய்ந்துதான் இருந்தது. நாங்கள் எங்கே போனோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எந்தக் கட்டத்தை டிக் செய்தேன் என்று மனைவிக்கு இன்னும் தெரியாது. நேற்று பேச்சுவாக்கில் கேட்டாள்: "இந்தக் கப்பலிலும் அந்த எண்ணெய்க் கிண்ணம் வைப்பார்களா?" வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.