ராஸ்பெரி பை வாங்கப் போகிறவர்களுக்கு: 'செட்டாக' எடுத்துவிடாதீர்கள்

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப் என் அலுவலகத்துடையது, அதைத் தர முடியாது. பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பரண்மேல் இருந்தன. சரி, ராஸ்பெரி பை 5 என்ற, ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், வாங்கப் போகிற யாருக்காவது உதவும்.

போர்டை நன்றாகப் பார்த்துத்தான் வாங்கினேன். பை 5-இல் நினைவகத்தின் அளவு போர்டிலேயே தெரியும். 1ஜி, 2ஜி, 4ஜி, 8ஜி என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் ரெசிஸ்டர் என்ற குட்டிப் பாகம் பற்றவைத்திருக்கிறதோ அதுதான் அளவு. 8-க்குப் பக்கத்தில் இருந்தது. போர்டு அசல். ஏமாந்தது அதற்கு அப்புறம்தான்.

"சார், மிச்சத்தையும் செட்டா எடுத்துக்கோங்க. தனித்தனியா வாங்கினா ஒண்ணுக்கொண்ணு சேராது" என்றார் கடைக்காரர். போர்டை வைக்கும் கேஸ், அடாப்டர், 128 ஜிபி மெமரி கார்டு, மானிட்டர் கேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். ராஸ்பெரி பையின் சொந்த 27 வாட் அடாப்டர்தான் வேண்டும் என்று கேட்டேன். "27 எதுக்கு சார்? 65 வாட்டே தரேன், லேப்டாப்பே ஓடும், இது ஓடாதா?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காரணம் இதுதான். பை 5 எடுத்துக்கொள்வது 5 வோல்ட் மட்டுமே. அதில் 5 ஆம்பியர் வரை கேட்கும். அந்த 27 வாட் அடாப்டர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது. வழக்கமான 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் தருவதால்தான் 65 வாட். அதே சார்ஜர் 5 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் தராது, அதாவது வெறும் 15 வாட். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அடாப்டரின் உடம்பில் பொடி எழுத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் ஜோடி ஜோடியாக அச்சாகியிருக்கும். அதில் 5-க்கு நேராக 5 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

3 ஆம்பியரில் போர்டு ஓடவே ஓடாது என்றில்லை. ஓடும். கீபோர்டும் மவுஸும் மட்டும் செருகினால் குறை தெரியாது. ஆனால் அடாப்டரால் 5 ஆம்பியர் தர முடியாது என்று தெரிந்ததும் போர்டு தன் யுஎஸ்பி துளைகள் நான்குக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே விடும். சரியான அடாப்டர் என்றால் 1.6 ஆம்பியர் விடும். முதல் நாளே திரையில் இதைச் சொல்லும் எச்சரிக்கை வந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளின் பாடக் காணொளிகள் இருந்த வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியபோதுதான் உறைத்தது. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும், டிக் டிக் என்று சத்தம் வரும், அணைந்துவிடும். திரும்பத் திரும்ப அப்படியே.

கடைக்குப் போன் செய்தேன். "செட்டிங்ல ஒரு வரி சேருங்க சார், அந்த மெசேஜ் வராது" என்றார். அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. அதைச் சேர்த்தால் போர்டு அந்த 600 வரம்பை எடுத்துவிடும், ஆனால் அடாப்டர் கூடுதலாக ஒரு துளி மின்சாரமும் தரப்போவதில்லை. சேர்த்துப் பார்த்தேன். டிஸ்க் ஓடியது. பத்து நிமிடத்தில் வோல்டேஜ் குறைகிறது என்று மின்னல் அடையாளம் வந்தது, இரண்டு முறை கம்ப்யூட்டரே அணைந்து எழுந்தது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் அதில் இருப்பதும் கெடும். தெரிந்தே இதைச் சொல்லிக் கொடுத்தார் என்பதுதான் எனக்குக் கோபம்.

கார்டின் கதை இதைவிட மோசம். மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது. பள்ளித் திட்டத்துக்காக அவள் எடுத்த படங்கள், எழுதிய நிரல்கள் எல்லாம் அதில்தான். ஒருநாள் படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தன, சில கோப்புகள் திறக்கவே இல்லை. அடாப்டர்தான் காரணம் என்று நினைத்தேன். நண்பர் ஒருவர் சொல்லி, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பார்த்தேன். கார்டு முழுக்கத் தெரிந்த தரவை எழுதி, அதைத் திரும்பப் படித்து ஒத்துப் பார்க்கும் கருவி அது. 128 ஜிபி என்று சொன்ன கார்டில் ஏறக்குறைய 16 ஜிபிதான் உண்மை. மீதி எல்லாம் வெறும் பெயர். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி, பெரிய அளவைப் பொய்யாகச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதியது எங்கும் சேராது, அல்லது பழையதன்மேல் விழும். அதனால்தான் முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. குழந்தை அழுததைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று இதே வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. புது கார்டு வாங்கினால் அதில் எதையும் போடுவதற்கு முன், வாங்கிய அன்று இரவே சோதித்துவிடுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கேபிளும் தவறுதான். பை 5 போர்டில் இருப்பது மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளை, கொடுத்தது மினி ஹெச்டிஎம்ஐ கேபிள். அதை மட்டும் மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள். கேஸில் விசிறி வைத்த கூலருக்கு இடமே இல்லை. மூடி வைத்தால் சூடு 80 டிகிரியைத் தாண்டி வேகம் குறைந்துவிடுகிறது, அதனால் மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறோம்.

கார்டையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். "கார்டுக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார். இது எங்க கார்டுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. "செட் 1" என்று எழுதி மொத்தத் தொகை போட்டிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, பொருள்களின் பெயர் இல்லை. ஜிபேயில் பணம் போனதற்கு அத்தாட்சி இருக்கிறது, ஆனால் எதற்காகப் போனது என்பதற்கு இல்லை. செட்டாக விற்பதன் வசதி யாருக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே கடையில் நின்றுகொண்டே ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். அடாப்டர் என்றால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், கார்டு என்றால் எந்தக் கம்பெனி, எத்தனை ஜிபி என்று அதில் இருக்க வேண்டும். பில் போட்டால் வரி சேரும், விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். தர மறுத்தால் போர்டை மட்டும்கூட அங்கே வாங்க வேண்டாம். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. நான் ஜிபே அத்தாட்சியையும் துண்டுச் சீட்டையும் வைத்தே 1915-இல் பதிந்திருக்கிறேன்.

27 வாட் அடாப்டரை வேறு இடத்தில், பில்லோடு, ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். அதே ஹார்டு டிஸ்க், அதே கம்பி, ஒரு முறைகூட அணையவில்லை. புது கார்டை இரவு முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். முதல் நிரலிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.